சுவருக்கு அப்பால் இருமல்

மெல்பேணில், டண்டினொங் கோழித் தொழிற்சாலையில் ஜசிந்தனுக்குக் கால் வெட்டுகிற வேலை. தலையில்லாத கோழிகள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரிசையாக வரும். இடது கையால் காலைப் பிடித்து இழுத்து, வலது கையால் மூட்டில் கத்தியை இறக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கத்தி எலும்பில் ஏறும். ஜசிந்தன் பிடித்தால் கால் அசையாது. சேர்ந்த கிழமையே மேற்பார்வையாளன் அவனுடைய கையைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினான். இப்படிப் பிடிக்க வேண்டும் என்றான்.

2009 கடைசியில் அகதியாகக் கப்பலில் வந்தவன். ஒரு தீவில், தடுப்பு முகாமில் கிடந்தான், பிறகு வேறொரு முகாமில் கிடந்தான், 2011 முடிகிற நேரம் ஒரு தற்காலிக விசாவோடு மெல்பேணில் இறக்கிவிடப்பட்டான். யாரோ சொல்லி நோபல் பார்க்கில் அறை தேடிக்கொண்டு போனவன், சாப்பாட்டுச் சாமான் வாங்க ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தான். கல்லாவில் இருந்தவர் எழும்பி நின்றார்.

"டேய் ஜசி! உயிரோடை இருக்கிறியோடா!"

இந்திரகுமார் கல்லாவைத் தாண்டி ஓடி வந்து கட்டிப்பிடித்தார். கண்ணீர் உண்மையாகவே வந்தது. அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், கராஜைக் கூட்டித் துடைத்து ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். அவருடைய மனைவி விமலா மீன் குழம்போடு சோறு கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடும்போது இந்திரகுமார் எதிரே கதிரையில் இருந்து எல்லாம் கேட்டார். கடல் எப்படி, முகாம் எப்படி, அம்மா இருக்கிறாவோ, ஆர் ஆர் செத்தது. ஒரு பெயரை மட்டும் கேட்கவில்லை. ஜசிந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டு அந்தப் பெயருக்காகக் காத்திருந்தான். கை கழுவிய பிறகும் அது வரவில்லை.

அந்தப் பெயர் சிறிதரன். ஜசிந்தனின் தம்பி.

கப்பலுக்குப் பல வருடம் முன்னால், மொஸ்கோவின் விளிம்பில் ஒரு அடுக்குமாடியில், யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த வீட்டில், ஏஜென்சிக்காரன் அண்ணன் தம்பி இருவரோடும் இந்திரகுமாரோடும் சேர்த்துப் பதினாலு பேரைப் பூட்டி வைத்திருந்தான். ஐரோப்பாவுக்குள் தள்ளிவிடுவதாகச் சொல்லித்தான் எல்லோரையும் கொண்டுவந்தான். இலையுதிர் காலத்தில் வந்தவர்கள் பனி விழுந்தும் அங்கேயே இருந்தார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சத்தம் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் ரஷ்யன், சத்தம் கேட்டால் பொலிசைக் கூப்பிடுவான், பொலிஸ் வந்தால் எல்லோரும் கொழும்புக்கு, கொழும்பில் இறங்கினால் பொலிஸ் அடித்து விசாரிக்கிற நாலாம் மாடி. இதைச் சொல்லிவிட்டு ஏஜென்சிக்காரன் வெளியே பூட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவான். ஆட்களில் மூத்தவர் என்று இந்திரகுமாரைப் பொறுப்பாக வைத்தான்.

அந்த ரஷ்யன் பாட்டுக்காரன். பின்னேரங்களில் அவனுடைய கூட்டாளிகள் வருவார்கள். சுவருக்கு அப்பால் முதலில் ஒரு மெஷின் தாளம் தொடங்கும், ஆணி அடிப்பதுபோல, கூடாமல் குறையாமல். அதன்மேல் ஒரு பேஸ் கிற்றார். படியில் கனமான ஒன்றை யாரோ ஒவ்வொரு படியாக இறக்குவதுபோல அது இறங்கிக்கொண்டே போகும். கீபோர்டிலிருந்து ஈரக் குளிர் மாதிரி ஒரு நீண்ட ஒலி. கடைசியில் குரல். அதில் அழுகை கிடையாது, கோபம் கிடையாது. ரயில் நிலையத்தில் வண்டி வராது என்று அறிவிக்கிறவனுடைய குரல்.

அந்த நேரத்துக்காகத்தான் பதினாலு பேரும் நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். தாளம் தொடங்கினதும் வீடு உயிர் பெறும். கதைப்பார்கள். குசினியில் பாத்திரம் கழுவுவார்கள். கக்கூசில் தண்ணீர் இழுப்பார்கள். சண்டை பிடிக்க வேண்டியவர்கள் சண்டை பிடிப்பார்கள். சிறிதரன் இருமுவான்.

சிறிதரனுக்கு மார்கழிக்கு முன்னமே நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பாட்டு இல்லாத நேரத்தில் இருமல் வந்தால் போர்வையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொள்வான். அதனால் அவனுடைய இருமல் எப்போதும் பாதியில் அறுந்தது. இரண்டு சின்ன இருமல், மூன்றாவது தொடங்கும், அறும். பழகிப்போய், பாட்டு நடக்கும்போதும் அவனுக்கு முழுதாக இருமத் தெரியாமல் போயிற்று.

புதுவருடத்துக்குக் கூட்டாளிகள் வரவில்லை. சுவர் பேசாமல் கிடந்தது. நாள்கள் போயின. தண்ணீர் இழுக்காத கக்கூஸ் நாறியது. ஒரு மத்தியானம் படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பொலிஸ். எந்த வீட்டைத் தேடி வந்தார்களோ தெரியாது, அவர்களுடைய வாசலுக்கு முன்னால் நின்று வோக்கி டோக்கியில் கதைத்தார்கள். சிறிதரனுக்கு இருமல் வந்தது. போர்வை போதவில்லை. இந்திரகுமார் தலையணையை எடுத்து அவனுடைய முகத்தில் வைத்து அமத்தினார். சிறிதரன் காலை உதைத்தான். குதிக்கால் நிலத்தில் அடித்துச் சத்தம் எழும்பியது. காலைப் பிடித்தவன் ஜசிந்தன்.

சப்பாத்துகள் இறங்கிப் போயின. போன பிறகும் கொஞ்ச நேரம் இருவரும் விடவில்லை. திரும்பி வந்தாலும் வருவார்கள் என்று நினைத்தார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் கூட்டாளிகள் வந்தார்கள். தாளம் தொடங்கியது. அப்போதுதான் அந்த வீட்டில் அழுதார்கள். இரவு ஏஜென்சிக்காரன் ஒரு கம்பளத்தோடு வந்தான். சிறிதரன் காய்ச்சலில் போய்விட்டான் என்று அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. மிச்சப் பேர் பனி கரைந்த பிறகு ஒவ்வொரு பக்கமாகச் சிதறினார்கள். ஜசிந்தன் எல்லையில் பிடிபட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டான். இந்திரகுமார் எங்கெங்கோ போய், விமலாவைக் கட்டி, மெல்பேண் வந்து சேர்ந்துவிட்டார்.

கராஜில் இருந்துகொண்டு ஜசிந்தன் அவரைக் கவனித்தான். கடையோடு சேர்த்து அவர் விழாக்களுக்கு ஒலிபெருக்கியும் புகை மெஷினும் வாடகைக்கு விட்டார். சனி ஞாயிறுகளில் பெட்டிகளைத் தூக்குவதும் பாட்டுப் போடுவதும் ஜசிந்தனின் வேலையாயிற்று. விழாக்களில் அவர் அவனைக் 'கப்பல்' என்று கூப்பிடுவார்.

"டேய் கப்பல், அந்த ஸ்பீக்கரை இங்காலை தள்ளு. பாத்து, கவிழ்த்துப் போடாதை, உனக்கு நீந்தத் தெரியாது!"

சனம் சிரிக்கும். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குள்ளும் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். மேசையில் யாராவது இருமினால் ஜசிந்தனுடைய கை நின்றுவிடும், கோப்பையோ வயரோ எதைப் பிடித்திருந்தாலும். இந்திரகுமாருடைய கை நிற்காது. அவருடைய மகள் இருமினால் எழும்பிப் போய்ப் பாணி மருந்தைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவார்.

ஜசிந்தனுக்கு வேண்டியது ஒன்றுதான். தலையணையின் அந்தத் துடிப்பு அவருடைய உள்ளங்கையிலும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இருந்தால் பாரத்தில் பாதி அவருடையது. இல்லாவிட்டால் முழுவதையும் அவனே சாகும்வரை கொண்டுதிரிய வேண்டும். கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வாய் திறந்து கேட்டால் அவர் என்ன பதிலும் சொல்லலாம். முகம் தானாகச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலையில் அவனுக்குப் பக்கத்தில் நெஞ்சுப் பகுதி வெட்டுகிறவள் லுட்மிலா, ரஷ்யக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். ஒருநாள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது அவன் தன்னையறியாமல் முணுமுணுத்திருக்கிறான். சுவருக்கு அப்பால் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டின வரி. அர்த்தம் அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. 'ஸா ஸ்தினோய் காஷெல்.'

லுட்மிலா கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். இதை எங்கே கேட்டாய் என்றாள். பிறகு சிரித்தாள். கோழி வெட்டுகிற இடத்தில் பாட வேண்டிய பாட்டுத்தான் என்றாள். அர்த்தம் என்ன என்று கேட்டான்.

"சுவருக்கு அப்பால் இருமல்."

இடைவேளையில் அவன் அந்தப் பாட்டைப் பற்றி விடாமல் கேட்டான். லுட்மிலா தன் அக்கா மகனுக்கு ரெலிபோன் அடித்து விசாரித்தாள். அவனுக்கு இந்த விஷயங்களில் பைத்தியமாம். இந்த வகைப் பாட்டுக்கு டார்க் வேவ் என்று பெயர். அந்தக் குழு 'ஊமைப் படிக்கட்டு'. ரஷ்யாவிலேயே கொஞ்சப் பேருக்குத்தான் தெரியும், இரண்டே இரண்டு இசைத்தட்டு போட்டுவிட்டுக் கலைந்துவிட்டார்கள். எல்லாப் பாட்டும் ஒன்றுதான் என்றானாம் அவன்: பனி, கொங்கிறீட், ஆஸ்பத்திரி நடைபாதையில் எரிந்து எரிந்து அணைகிற ரியூப் லைட், கடைசி மெட்ரோ, பெயர் தெரியாத பிணம். யாருக்கும் யாரும் உதவி செய்ய மாட்டார்கள். அதுதான் அதன் அழகு என்றானாம். யூரியூபில் கிடக்கிற இடத்தையும் அனுப்பினான்.

ஜசிந்தன் கராஜில் இருந்து கேட்டான். தாளத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, தூரத்தில், சுவரின் தடிப்புக்கு அப்பாலிருந்து, இரண்டு சின்ன இருமல். மூன்றாவது தொடங்கியது. அறுந்தது. அறுந்த இடத்தில் மெஷின் தாளம் பிடித்துக்கொண்டது.

அவன் நிறுத்தினான். முதலிலிருந்து போட்டான். நிறுத்தினான்.

மறுநாள் லுட்மிலாவிடம் ரெலிபோனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னான். அவள் ஒரு காதில் மாட்டிக்கொண்டு, சான்ட்விச்சைக் கடித்தபடி, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் வரி வரியாகச் சொன்னாள்.

சுவருக்கு அப்பால் இருமல். நீ யார் என்று கேட்க மாட்டேன், கதவைத் தட்டவும் மாட்டேன். யாரிடமும் சொல்லவும் மாட்டேன். எனக்குத் தூக்கமில்லை, உனக்கும் இல்லை. இருமு, எனக்குத் தாளம் வேண்டும்.

"கடைசிப் பகுதி வேறை மாதிரி," என்றாள் லுட்மிலா. "புதுவருடம் வந்தது, சுவர் பேசவில்லை. நான் மெஷினைப் போட்டுக்கொண்டேன்."

அவள் வாயைத் துடைத்தாள். "அந்த இருமலைப் பாதியில் வெட்டினது நல்ல வேலை," என்றாள். "ஆரோ கெட்டிக்காரன் எடிற் பண்ணியிருக்கிறான்."

அன்று முழுக்க ஜசிந்தன் கால்களை வெட்டினான். அந்த ரஷ்யனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு இருமலும் கேட்டிருக்கிறது. அவன் பொலிசுக்குச் சொல்லியிருக்க மாட்டான். ஒலிவாங்கியைச் சுவரில் வைத்துக்கொண்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தவன். வீட்டுக்குள் மற்றவர்கள் அடக்கி அடக்கி வைத்ததையெல்லாம் சுவருக்கு அப்பால் ஒருவன் வேண்டி நின்றிருக்கிறான். சப்பாத்துக்காரர்களைக் கூப்பிட்டது அவனில்லை. அவர்கள் தேடி வந்தது வேறு கதவை. தலையணைக்குத் தேவையே இருக்கவில்லை.

இதை இந்திரகுமாரும் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. கேட்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

2013இல் இந்திரகுமாருக்கு ஐம்பது வயது. விமலா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஹோல் எடுத்தாள். குசினி மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு ஜசிந்தனிடம் சொன்னாள்:

"தம்பி, அண்ணை ஹோலுக்குள்ளை வரேக்கை போடுற பாட்டு நீர்தான் பாக்க வேணும். சும்மா சினிமாப் பாட்டு வேண்டாம். என்ரை கூட்டாளி யோகாவின்ரை பார்ட்டியிலை போட்டதையே இங்கையும் போட்டால் அவள் நாலு பேருக்குச் சொல்லிச் சிரிப்பாள்."

"புதுசா ஒண்டு இருக்கு அக்கா. இங்கிலீஸ் மாதிரி, ஆனால் இங்கிலீஸ் இல்லை."

"பீற் இருக்கோ?"

"ஓம். நல்ல பீற்."

"அப்ப சரி. புகையும் விடும்."

ஹோல் நிறைந்திருந்தது. வாசலில் நீல பலூன் வளைவு, மேடையில் இந்திரகுமாரின் ஆளுயரப் படம். ஜசிந்தன் மேடைக்குப் பக்கத்தில், மிக்சருக்குப் பின்னால் நின்றான். அங்கிருந்து பார்த்தால் வாசல் நேரே தெரியும். கதவைத் திறந்து கொடுக்க ஆள் நின்றது. விமலா கையைக் காட்டினாள். ஜசிந்தன் புகை மெஷினைப் போட்டான், பாட்டைப் போட்டான், சத்தத்தைக் கூட்டினான்.

முதலில் இரைச்சல். சனம் மைக் பிழை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தது. இந்திரகுமார் புகைக்குள்ளிருந்து வந்தார், கோட் சூட், கழுத்தில் மாலை. இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்தும் சிறிதரன் இருமினான். இரண்டு. மூன்றாவது அறுந்தது.

இந்திரகுமார் நின்றார்.

வலது காலை முன்னுக்கு வைத்தபடி அப்படியே நின்றார். மெஷின் தாளம் ஹோலை அடிக்கத் தொடங்கியது. பேஸ் கிற்றார் படி இறங்கியது. அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று மேலே வந்தது, வந்து கண்ணுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரலைச் சொடுக்கினார். இடுப்பு அசைந்தது. ஒருவன் விசிலடித்தான். இந்திரகுமார் கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஆணி அடிக்கும் ஒவ்வொரு தோளாகக் குலுக்கிக்கொண்டு, புகைக்கு நடுவே ஆடி ஆடி வந்தார். ஆம்பிளைகள் கதிரைகளைத் தள்ளிவிட்டு எழும்பி வந்து அவரோடு சேர்ந்தார்கள்.

"என்ன பீற்றடா இது!" என்று யாரோ கத்தினான்.

பாட்டு முடிந்ததும் அவர் மைக்கை வாங்கினார். வேர்த்து, சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது சாதாரணப் பாட்டில்லை, சனங்களே. இது எங்கடை மொஸ்கோப் பாட்டு! நாங்கள் ஏஜென்சிக்காரன்ரை வீட்டிலை அடைஞ்சு கிடக்கேக்கை பக்கத்து வீட்டு வெள்ளை இந்தப் பாட்டைத்தான் போட்டு அடிப்பான். அவன் அடிச்சால்தான் நாங்கள் கக்கூசுக்குத் தண்ணி இழுக்கலாம். விளங்குதோ? பதினாலு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு, கடவுளே, இவன் எப்ப தொடங்குவான் எண்டு இருப்பம்!"

ஹோல் வெடித்துச் சிரித்தது. யோகா கண்ணைத் துடைத்தாள்.

"இந்தக் கப்பல் இருக்கிறானெல்லோ, இவனும் அங்கைதான். டேய், இங்கை வா. வாடா!"

ஜசிந்தன் மேடைக்குப் போனான். இந்திரகுமார் அவனுடைய தோளில் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டார். கமராக்காரன் கிட்ட வந்து குனிந்தான். கைதட்டல் இரைச்சலுக்குள் ஜசிந்தன் அவருடைய காதில் சொன்னான்:

"அண்ணை, அந்த இருமல் சிறிதரன்ரை."

இந்திரகுமாரின் கை இன்னும் கொஞ்சம் இறுகியது. முகம் கமராவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியும்," என்றார், பல்லைத் திறக்காமல். "முதல் இருமலிலையே தெரியும். சிரி. படம் எடுக்கிறான்."

வெளிச்சம் அடித்தது.

"அந்த வெள்ளைக்கு நாங்கள் இருக்கிறது தெரியும் அண்ணை. அவன் ஆருக்கும் சொல்லியிருக்க மாட்டான். பாட்டிலையே சொல்லுறான். நாங்கள் சும்மா—"

"சும்மாவோ?" அவர் அவனுடைய பக்கம் திரும்பினார். அன்போடு கன்னத்தைத் தட்டுகிற மாதிரித் தட்டினார், சனம் பார்க்கட்டும் என்று. "என்ரை கை உளைஞ்சு ஒருக்கால் விடப் பாத்தனான். நீ காலை விடேல்லை. அதைப் பாத்துத்தான் நானும் விடேல்லை. இன்னும் என்ன பாட்டுப் போடப்போறாய்?"

வெளிச்சம் திரும்ப அடித்தது. அந்தப் படத்தில் ஜசிந்தன் சிரித்துக்கொண்டிருப்பான். பிறகு விமலா அதைப் பெரிதாக அடித்து வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

"பாத்தீங்களோ," என்று இந்திரகுமார் மைக்கில் சொன்னார், "பழசை நினைச்சு இவனுக்குப் பேச்சு வரேல்லை." யாரோ பாவம் என்றார்கள். யாரோ, "வன்ஸ் மோர்! அந்தப் பாட்டு வன்ஸ் மோர்!" என்றார்கள். ஹோல் முழுக்கத் தாளத்தோடு கைதட்டத் தொடங்கியது.

"போய்ப் போடு, ஜசி," என்றார் இந்திரகுமார். அன்றைக்கு முதல்தடவையாகக் கப்பல் என்று சொல்லவில்லை. "சனம் கேக்குது."

ஜசிந்தன் மிக்சருக்குப் பின்னால் போனான். அவன் கேட்ட பதில் கிடைத்துவிட்டது. அவருடைய உள்ளங்கையில் எல்லாம் இருந்தது, ஒன்றும் குறையாமல். அதை வைத்துக்கொண்டே அவர் மகளுக்குப் பாணி மருந்து ஊற்றினார், கடை நடத்தினார், ஆடினார். பாரத்தில் பாதி அவருடையது என்று அவன் நினைத்திருந்தான். இப்போது அவருடைய பாதியும் அவன் தலையில் ஏறிவிட்டது.

இரைச்சல் தொடங்கியது. சனம் இந்தத் தடவை பேசாமல் காத்திருந்தது, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த சனம். முன் வரிசையில் பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தயாராக நின்றார்கள். இருமல் வந்ததும் அவர்களும் சேர்ந்து இருமினார்கள். இரண்டு சின்ன இருமல். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தவும் ஒரே தடவையில் பழகியிருந்தார்கள்.

"சவுண்டைக் கூட்டு!" என்று கத்தினார்கள்.

கூட்டினான்.